கார்பன் சைக்கிளில் டார்க் ரெஞ்ச் பிடிப்பது எப்படி

அலுமினியப் பாகத்தின் போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கினால் நசுங்குவது கண்ணுக்குத் தெரியும். கார்பனில் உள்ளே நார் அடுக்குகள் பிரிந்தாலும் மேலே பெயின்ட் பளபளப்பாகவே இருக்கலாம். பிறகு மாஞ்சோலை மலை இறக்கத்தில் குலுங்கும்போது ஹேண்டில்பார் முறியலாம். போல்ட் இறுக்கும் இந்த வேலையில் கைக்கணக்கு கூடவே கூடாது, முறுக்கு விசையை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் வேண்டும்.

கார் பட்டறை ரெஞ்ச் உதவாது. இவ்வளவு சின்ன அளவை அது சரியாகக் காட்டாது. 2 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை உள்ள சிறிய ரெஞ்ச், 4, 5 மி.மீ. ஆலன் பிட், டி25 (நட்சத்திர முனை) பிட் போதும். ரெஞ்சில் கிலோ-சென்டிமீட்டர் மட்டும் இருந்தால், 5 நியூட்டன் மீட்டர் என்பது சுமார் 51.

அளவு பாகத்தின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஸ்டெம்முக்கும் (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் பாகம்) சீட் கிளாம்புக்கும் (சீட் கம்பியைப் பிடிக்கும் வளையம்) பெரும்பாலும் 4 முதல் 6 நியூட்டன் மீட்டர். 'மேக்ஸ்' என்றிருந்தால் அதுதான் உச்ச வரம்பு. ஸ்டெம்மில் ஒன்றும் ஹேண்டில்பாரில் வேறொன்றும் இருந்தால் குறைந்ததையே எடுங்கள்.

கிளாம்பின் உள்விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். பிசிறு இருந்தால் கார்பனைக் கீறும். இரண்டு பரப்பையும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கார்பன் பேஸ்ட்டை (கார்பன் பாகம் வழுக்காமல் இருக்கப் பூசும் பசை) மெல்லிசாகப் பூசுங்கள். அதிலுள்ள மணல் போன்ற துகள்தான் பிடிமானம் தருகிறது. குறைவாக முறுக்கினாலே நிற்கும். பிடிக்கும் இடத்தில் கிரீஸ் படவே கூடாது.

ஹேண்டில்பாரைப் பிடிக்கும் ஸ்டெம்மின் நான்கு போல்ட்டையும் முதலில் கையால் ஏற்றுங்கள். மேலும் கீழும் இடைவெளி சமமாக இருக்கட்டும் (சில ஸ்டெம்மில் மேல்பக்கத்தை முழுதாக மூடச் சொல்லியிருப்பார்கள், அங்கே அதன்படி). அச்சிட்ட அளவு 5 என்றால், ரெஞ்சை 3-இல் வைத்துக் குறுக்காக மாற்றி மாற்றி ஒரு சுற்று, பிறகு 4, பிறகு 5. கைப்பிடியின் நடுவைப் பிடித்து மெதுவாக இழுங்கள். சின்ன அளவில் 'கிளிக்' காதில் சரியாக விழாமல் போகலாம், உள்ளங்கையில்தான் தெரியும். தெரிந்ததும் நிறுத்துங்கள், அதற்கு மேல் இழுப்பதெல்லாம் கூடுதல் முறுக்கு. ஒன்றை இறுக்கினால் அடுத்தது தளரும், அதனால் கடைசி அளவில் இன்னொரு சுற்று வேண்டும்.

ஃபோர்க் (முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை) பக்கம் முதலில் டாப் கேப்பால் (ஸ்டெம்மின் மேல் மூடி) ஹெட்செட் (ஃபோர்க் திரும்பும் பேரிங்) ஆட்டத்தை எடுத்துவிட்டு, அதன் பிறகே ஸ்டெம்மின் பக்க போல்ட்டுகள்.

சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் கம்பி) இறங்குகிறதா? 5-ஐ 7 ஆக்காதீர்கள். கழற்றித் துடைத்துப் பேஸ்ட் பூசுங்கள், போஸ்ட் விட்டத்தைச் சரிபாருங்கள், 27.2 மி.மீ. வேண்டிய இடத்தில் 27.0 இருந்தால் எந்த முறுக்கும் நிற்காது.

உவரி, இடிந்தகரைப் பக்கம் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லை: உப்புக் காற்றில் கார்பனைத் தொட்டிருக்கும் அலுமினியம் அரித்து, போஸ்ட் ஃபிரேமோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றித் துடைத்து, புதிதாகப் பேஸ்ட் பூசி, அதே அளவில் இறுக்குங்கள். கழற்ற சாதா ஆலன் கீயே போதும். டார்க் ரெஞ்சால் கழற்றினால் அதன் அளவு கெடலாம். வேலை முடிந்ததும் ரெஞ்சை அதன் குறைந்தபட்சக் கோட்டுக்கு இறக்கி வையுங்கள்.