பிளஸ் டூ வகுப்புக்கு நினைவு மலர் போட

செய்முறைத் தேர்வு வந்துவிட்டால் யாரும் கையில் சிக்க மாட்டார்கள். டிசம்பருக்குள் எழுதி வாங்கிவிடுங்கள். ‘பள்ளி நினைவுகள்’ என்று பொதுவாகக் கேட்டால் நாற்பது பேரும் ‘மறக்க முடியாத நாட்கள்’ என்றே எழுதுவார்கள். கேள்வியைக் குறுக்குங்கள்: ஆறாம் வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்தது யார்? எந்தப் பீரியடில் வெளியே நின்றாய்? யாருடைய டிபன் பாக்ஸ் முதலில் காலியாகும்?

நடுவில் பின் அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் 4-இன் மடங்காக இருக்க வேண்டும். ஆளுக்கு அரைப் பக்கம் என்றால் 40 பேருக்கு 20. ஆசிரியர்களுக்கும் குழுப் படத்துக்கும் 4. படங்களை வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, அச்சில் முகம் மங்கும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அச்சகத்துக்கு வேர்டு கோப்பு கொடுத்தால் எழுத்துரு மாறி, கொம்பும் காலும் இடம்பெயரலாம். பிடிஎஃப்தான் சரி. பட்டப்பெயரை மட்டும் உரியவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.