விரிசல் விட்ட நீராவிக் குழாய்: என் அனுபவம்

கப்பலூரில் எங்கள் பட்டறைக்கு வந்த நீராவிக் குழாயில் ஒரு பக்கம் குரோம்-மாலி ஸ்டீல் (குரோமியமும் மாலிப்டினமும் கொஞ்சம் கலந்தது), மறுபக்கம் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். வெல்டை ஒட்டியே, குரோம்-மாலி பக்கம் விரிசல். 309 என்ற ஸ்டெயின்லெஸ் வெல்டிங் ராடில் இணைத்து, பிறகு மொத்த ஜாயின்ட்டையும் 700 டிகிரி செல்சியஸில் சூடாக்கியிருந்தார்கள். அந்தச் சூட்டில் குரோம்-மாலியில் உள்ள கார்பன், குரோமியம் அதிகமுள்ள வெல்டுக்குள் நகர்ந்துவிடும். அது விட்டுப்போன இடம் வலுவிழக்கும். 304-க்கும் அந்தச் சூடு ஆகாது, துருவைத் தாங்கும் சக்தி குறையும்.

வெட்டியெடுத்துவிட்டு, குரோம்-மாலி முனையை 200 டிகிரிக்குச் சூடேற்றி நிக்கல் ராடில் வெல்ட் செய்தே அதன்மேல் ஒரு பூச்சு கட்டினேன். வெல்டிங் சூட்டில் கடினமான ஸ்டீல் இளக, அந்த முனையை மட்டும் 700 டிகிரியில் வைத்து மெதுவாக ஆறவிட்டேன். நிக்கலுக்குள் கார்பன் சுலபமாக நகராது, சூட்டில் அது விரியும் அளவும் குரோம்-மாலி ஸ்டீலுக்கு நெருக்கம். அப்புறம் பூச்சை மெஷினில் கடைந்து சீராக்கி, அதே ராடில் 304-ஐ இணைத்தேன். இணைத்த பிறகு ஜாயின்ட்டை மறுபடி சூடாக்கவே இல்லை. பூச்சு மட்டும் நல்ல தடிமனாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வெல்டிங் சூடு அடி ஸ்டீலை மறுபடி கடினமாக்கிவிடும்.