எம்.எஸ். இருக்கிறது என்று யாரிடம் எப்படிச் சொல்வது?

பழைய வண்ணாரப்பேட்டையில் ஜாக்கெட் தைக்கிறவள் நான். எனக்கு எம்.எஸ்., அதாவது மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்: மூளை, தண்டுவட நரம்புகளின் உறையை உடம்பே அரிக்கிற நோய். இதற்கு மருந்து சொல்ல டாக்டர் இருக்கிறார். வெளியே பார்த்தால் நன்றாக இருப்பதுபோல் தெரிகிற நாம், இந்த நோயை மற்றவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது என்பதைத்தான் நாமே கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

டாக்டரிடம் ‘உடம்பே ஒரு மாதிரி இருக்கு’ என்றால் அவர் என்ன செய்வார்? ‘செவ்வாய்க்கிழமையிலிருந்து வலது கையால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை’ என்று சொல்லுங்கள். எப்போது ஆரம்பித்தது, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் நீடித்தது, காய்ச்சல் இருந்ததா என்று ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய தொந்தரவு 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் நோய் மறுபடி தாக்கியிருக்கலாம், காத்திருக்க வேண்டாம். வெயிலில் போய்வந்ததும் கண் மங்கி, குளிர்ந்த இடத்தில் உட்கார்ந்ததும் தெளிந்தால் அது பெரும்பாலும் சூட்டின் வேலை. அதையும் எழுதிவையுங்கள்.

வீட்டாரிடம் பேசுவதுதான் கஷ்டம். என் மாமியாரிடம், “கரண்ட் வயர் மேலே உறை போனா லைட்டு விட்டுவிட்டு எரியுதில்ல அத்தை, அப்படி என் நரம்போட உறையை என் உடம்பே அரிக்குது” என்றேன். புரிந்தது. ஆனால் புரிந்தால் மட்டும் வேலை நடக்காது, கேட்க வேண்டியதை வாய்விட்டுக் கேட்க வேண்டும். தண்ணி லாரி வந்தால் குடம் தூக்க மகன் போவான். இஸ்திரிப் பெட்டி பக்கம் நான் போவதில்லை. அக்னி நட்சத்திரத்தில் துணி வெட்டுவதை விடிகாலையிலேயே முடித்து, மதியம் கழுத்தில் ஈரத்துண்டோடு படுத்துவிடுவேன். “சோம்பேறித்தனம்” என்று யாராவது முனகினால், “தூங்கி எழுந்தாலும் போகாத களைப்பு இது” என்று ஒருமுறை சொல்வேன். இரண்டாம் முறை சொல்வதில்லை.

வாடிக்கையாளர்களுக்கு நோயின் பெயர் எதற்கு? ‘சித்திரை, வைகாசியில் அவசரத் தையல் எடுப்பதில்லை’ போதும். தெருவில் ஆளுக்கொரு எண்ணெய், சூப் சொல்வார்கள். “சரிக்கா, டாக்டரைக் கேட்டுக்கிறேன்” என்று நகர்ந்துவிடுங்கள். ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டால் மட்டும் நின்று, ஒட்டாது என்று அழுத்திச் சொல்லுங்கள். நடை தள்ளாடுகிற ஆண்களுக்கு இன்னும் பாடு, குடித்திருக்கிறான் என்றே முடிவு கட்டுவார்கள். அவர்கள் கைத்தடி ஒன்று வைத்துக்கொள்வது நல்லது, பாதிப் பேச்சு அதிலேயே அடங்கும்.

புதிதாக நோய் தெரிந்த ஒருவர் உங்கள் கதையைக் கேட்டால், உங்களுக்கு நடந்ததை மட்டும் சொல்லுங்கள். இது ஆளுக்கு ஆள் வேறு மாதிரி போகும், அதனால் ஜோசியம் வேண்டாம். உங்கள் மாத்திரையையும் சிபாரிசு செய்யாதீர்கள். பெண்களிடம் சிறுநீர் அடக்க முடியாத சங்கடத்தை நீங்களே முதலில் எடுத்துப் பேசுங்கள். அவர்களாகக் கேட்க மாட்டார்கள், ஆனால் அதற்கும் மருந்தும் பயிற்சியும் உண்டு. அப்புறம், 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டம் சொல்லும் 21 வகைகளில் இந்த நோயும் இருக்கிறது என்று சொல்லி, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.