புல்டாக் வாங்கப் போகிறீர்களா? முதலில் மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள்

புல்டாக் குட்டி வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு "எங்க கிடைக்கும், எவ்வளவு ஆகும்" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அந்த வீடியோவில் நாயின் சத்தம் கேட்டதா? பெரும்பாலும் ஏதாவது ஒரு சினிமாப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். பாட்டு இல்லாமல் நேரில் கேட்டால், சும்மா படுத்துக் கிடக்கும்போதே கர்ர் கர்ர் என்று ஒரு சத்தம் வரும். "குறட்டை விடுது பாருங்க, செல்லம்" என்பார்கள். மூச்சு போகிற வழி பாதி அடைத்துக் கிடக்கிற நாய் போடுகிற சத்தம் அது.

இங்கிலீஷ் புல்டாக்கைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஆனால் பிரெஞ்சு புல்டாக்குக்கும் பக்குக்கும் இதில் முக்கால்வாசி பொருந்தும். மண்டைக்குள் என்ன நடக்கிறது என்று புரிந்தால் மற்றதெல்லாம் சுலபமாகப் புரிந்துவிடும். மூஞ்சி சப்பையாக வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி இனப்பெருக்கம் செய்ததில் எலும்பு குட்டையானது, உள்ளே இருக்கிற சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. மூன்று பெட்ரூம் வீட்டுச் சாமானை ஒற்றை அறையில் திணித்த கதை. நாக்கு, உள்நாக்குப் பக்கத்து மென்சதை எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று நெருக்கிக்கொண்டு கிடக்கும். மூக்குத் துவாரம் வெறும் கீறலாக இருக்கும், பல நாய்களுக்கு மூச்சுக்குழாயே உடம்புக்குப் பொருந்தாமல் சிறுத்து இருக்கும். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது, நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்துத்தான் சூட்டை வெளியே தள்ள வேண்டும். அந்த வழியிலேயே அடைப்பு என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். டாக்டர்கள் இந்தக் கோளாறைச் சுருக்கமாக 'போவாஸ்' என்பார்கள், அந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், விற்பவரிடம் பேசும்போது வேண்டும்.

இந்த நாய் எப்போதும் இப்படி இருந்ததில்லை. இங்கிலாந்தில் ஒரு காலத்தில் காளையை முளையில் கட்டி அதன் மேல் நாய்களை ஏவி வேடிக்கை பார்த்தார்கள் (நம்ம ஜல்லிக்கட்டை இதோடு சேர்க்காதீர்கள், அங்கே மாடு ஓடவே முடியாது). நாய் தரையோடு ஒட்டிப் பதுங்கிப் போய்க் காளையின் மூக்கைக் கவ்வ வேண்டும். அப்படி நாய் விட்டுக் கடித்த மாட்டின் கறிதான் மெத்தென்று இருக்கும் என்றொரு நம்பிக்கை வேறு, சில ஊர்களில் அதைச் செய்யாமல் காளையை வெட்டக்கூடாது என்று கசாப்புக்காரர்களுக்கு விதியே இருந்தது. 1630-களில் ஸ்பெயினின் சான் செபாஸ்டியன் ஊரிலிருந்து ஒருவர் லண்டனுக்குக் கடிதம் எழுதி, நல்ல புல்டாக் இரண்டைக் கப்பலேற்றி அனுப்பச் சொல்லியிருக்கிறார். இன்றைய புல்டாக்கைப் பல விமான நிறுவனங்கள் வழியில் மூச்சுத்திணறிச் செத்துவிடும் என்று பயந்து ஏற்றிக்கொள்வதே இல்லை.

1835-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டு அந்த விளையாட்டைத் தடை செய்தது. நாய்க்கு வேலை போய்விட்டது. அதற்கு முன்பு, 1817-ல் அச்சான 'கிரிப் அண்ட் ரோசா' என்றொரு படம் இருக்கிறது, தேடிப் பாருங்கள். அதிலிருக்கும் ரோசா நீளமான கால், ஓரளவு நீண்ட மூக்கு, ஒட்டிய வயிறு என்று ஓடக்கூடிய நாயாகத் தெரிவாள். தடைக்குப் பிறகு நாய்க் கண்காட்சி வந்தது, 1875-ல் லண்டன் ஆக்ஸ்ஃபோர்ட் தெருவில் ஒரு மதுக்கடையில் கூடி புல்டாக் கிளப் ஆரம்பித்தார்கள், அப்புறம் பரிசு வாங்கும் மூஞ்சி எதுவோ அதுதான் இனத்தின் மூஞ்சி என்றாகிவிட்டது. 1890-களில் ஒரு பந்தயம் நடந்தது. கிங் ஓரி, டாக்லீஃப் என்று இரண்டு பேர்பெற்ற புல்டாக்குகள், எது 20 மைல் நடக்கும் என்று போட்டி. ஒல்லியான ஓரி நடந்து முடித்தது, கனத்த, குட்டையான டாக்லீஃப் பாதியில் விழுந்துவிட்டது. ஆனால் கண்காட்சி மேடையில் அதற்குப் பிறகு மேலே வந்தது டாக்லீஃப் மாதிரி நாய்கள்தான். இந்த இனத்தின் இன்றைய பாதிப் பிரச்சினைக்குக் காரணம் இந்த ஒரு முடிவு என்பது என் எண்ணம்.

"காளையின் ரத்தம் கண்ணுக்குள் போகாமல் வழிந்தோடத்தான் இந்த முக மடிப்புகள்" என்று விற்பவர் கதை சொன்னால் சிரித்துவிட்டு நகருங்கள். நிஜமாகவே காளையோடு மோதிய காலத்து நாய்களின் படங்களில் இவ்வளவு மடிப்பு கிடையாது.

சரி, பலன் என்ன? லண்டன் ராயல் வெட்டர்னரி கல்லூரி 2022-ல் வெளியிட்ட ஆய்வில், தோல் மடிப்புப் புண் மற்ற நாய்களைவிட இங்கிலீஷ் புல்டாக்குக்கு வருகிற வாய்ப்பு 38 மடங்கு, கண்ணோரத்தில் சிவப்பாகப் பிதுங்குகிற 'செர்ரி ஐ' சுமார் 27 மடங்கு, போவாஸ் 19 மடங்கு. அதே ஆண்டு பிரிட்டனில் போட்ட இன்னொரு ஆயுள் கணக்கில் பொதுவாக நாய்களுக்கு 11 ஆண்டுக்குக் கொஞ்சம் மேல், இதற்கு 7.4 ஆண்டு. தலை பெரிது, இடுப்பு சின்னது என்பதால் பத்தில் எட்டுப் பிரசவத்துக்கு மேல் சிசேரியன். நெதர்லாந்தில் 2019 முதல் மூக்கின் நீளம் மண்டை நீளத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைவான நாயை இனப்பெருக்கம் செய்யவே கூடாது.

இதெல்லாம் படித்த பிறகும் வேண்டும் என்றால் தேர்ந்தெடுக்கும் விதம் இப்படி. குட்டியைப் பார்க்கப் போகாதீர்கள், குட்டியின் அம்மாவைப் பார்க்கப் போங்கள், முடிந்தால் அப்பாவையும். எட்டு வாரக் குட்டியிடம் மூச்சுக் கோளாறு பெரிதாகத் தெரியாது, வளர்ந்த நாயிடம் தெரியும். அம்மா நாயைக் காட்ட முடியாது, ஊரில் இருக்கிறது, தூங்குகிறது என்று சாக்கு சொன்னால் அங்கேயே வண்டியைக் கிளப்புங்கள். காட்டினால், சும்மா இருக்கும்போது காதைக் கிட்டே வைத்துக் கேளுங்கள். பிறகு மூன்று நிமிடம் வேகமாக நடத்தச் சொல்லுங்கள், காலைக் குளிரில், வெயிலில் அல்ல, அதுவும் திணற ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். முடிந்ததும் மறுபடி கேளுங்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும், நாய் இனங்களைப் பதிவு செய்கிற பிரிட்டிஷ் கென்னல் கிளப்பும் சேர்ந்து 2019-ல் கொண்டுவந்த சோதனையின் சாரமே இதுதான்: ஒரு வயது தாண்டிய நாயை நடைக்கு முன்னும் பின்னும் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு 0 முதல் 3 வரை தரம் போடுவார்கள், 3 வந்த நாயிடம் குட்டி எடுக்கக்கூடாது. நம்மூரில் அந்தச் சான்றிதழ் கேட்டால் முழிப்பார்கள், ஆனால் நல்ல கால்நடை மருத்துவர் எவரும் நடைக்கு முன்பும் பின்பும் கேட்டுச் சொல்லிவிடுவார், அந்த ஃபீஸை நீங்களே கொடுங்கள்.

மூக்குத் துவாரம் திறந்திருக்கிறதா, மூக்குக்கு மேல் மடிப்பு துவாரத்தை மூடுகிறதா, கண் வெள்ளை எல்லாப் பக்கமும் தெரிகிறதா (தெரிந்தால் நல்லதில்லை), வால் தனியாக அசைகிறதா, இல்லை உள்ளே திருகிப் புதைந்து கிடக்கிறதா என்று பாருங்கள். இரண்டு குட்டியில் எதை எடுப்பது என்று குழம்பினால் மூஞ்சி நீண்டதை எடுங்கள், அதைத்தான் "குவாலிட்டி கம்மி" என்று குறைத்துச் சொல்வார்கள். கேசிஐ (இந்தியக் கென்னல் கிளப்) சான்றிதழ் பரம்பரையைத்தான் சொல்லும், அது ஆரோக்கியத்துக்கான சர்டிஃபிகேட் கிடையாது. 'அபூர்வ நிறம்' என்று கூடுதல் விலை சொல்கிறவரிடம் எனக்கு நம்பிக்கையே இல்லை.

அடுத்தது சூடு. நம்மூரில் இந்த நாயை வைத்திருப்பவருக்கு மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். பிரிட்டன் மாதிரிக் குளிர் நாட்டிலேயே லாப்ரடாரைவிட புல்டாக்குக்கு வெப்பத் தாக்கு வருகிற வாய்ப்பு சுமார் 14 மடங்கு என்று 2020-ல் வந்த ஆய்வு சொல்கிறது. இங்கே அக்னி நட்சத்திரத்தில் என்ன ஆகும்? திருச்சியில் என் நண்பர் ஒருவர் வீட்டில் ஏசி உண்டு, ஆனால் கரண்ட் போனால் ஏசியை ஓட்ட இன்வெர்ட்டர் இல்லை. மே மாதம் ஒரு மதியம் கரண்ட் போய் ஒரு மணி நேரத்தில் நாய் கால் தடுமாறி, நாக்கு கருஞ்சிவப்பாகி, வாயில் நுரை தள்ளிவிட்டது. போன் போட்டுக் காரில் ஏற்றவா என்றார், முதலில் பாத்ரூமில் படுக்க வைத்துத் தண்ணீரைக் கொட்டு என்றேன், கொட்டி, விசிறி, பிறகுதான் கொண்டுபோனார், பிழைத்துவிட்டது. வரிசை முக்கியம்: முதலில் குளிர வை, அப்புறம் வண்டியில் ஏற்று. குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றுங்கள், மூக்கில் போகாமல், கூடவே காற்று படட்டும். ஈரத் துண்டைப் போர்த்தி மூடி வைப்பது தப்பு, சூடு உள்ளேயே நின்றுவிடும். மயக்கத்தில் இருக்கும் நாய்க்கு வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். வாக்கிங் விடிவதற்கு முன்பு, கார் ஜன்னலைக் கொஞ்சம் இறக்கிவிட்டு "அஞ்சு நிமிஷம்தான்" என்று கடைக்குள் போவது கூடவே கூடாது.

எடையைக் கட்டுக்குள் வைப்பதுதான் கையில் இருக்கிற மலிவான மருந்து. ஆண் நாய்க்கு 25 கிலோ, பெண் நாய்க்கு 23 கிலோ என்று பிரிட்டிஷ் கென்னல் கிளப்பே சொல்கிறது, நம்மூரில் பார்க்கிற பல நாய்கள் அதற்கு மேலே. பக்கவாட்டில் கை வைத்தால் விலா எலும்பு தட்டுப்பட வேண்டும். தட்டுப்படவில்லை என்றால் பிரியாணி எச்சத்தை நிறுத்துங்கள், பாட்டி ரகசியமாகக் கொடுக்கிற பிஸ்கட்டையும்தான். கழுத்துப் பட்டை வேண்டாம், நெஞ்சில் மாட்டுகிற ஹார்னஸ் வாங்குங்கள். முக மடிப்புகளையும், வாலடியில் ஒரு குழி இருந்தால் அதையும் தினமும் ஈரத்துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடையுங்கள், இரண்டாவதுதான் முக்கியம், பவுடர் போட்டு அடைக்காதீர்கள். கிணறு, நீச்சல் குளம், ஆற்றங்கரைப் பக்கம் கயிறில்லாமல் விடாதீர்கள், தலை கனம், கால் குட்டை, இது மிதக்காது.

படுத்திருக்கும்போதே சத்தம், தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுவது, உட்கார்ந்தபடியே தூங்குவது, சாப்பிட்டதும் நுரையாகக் கக்குவது, இதில் எது இருந்தாலும் போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள், கிளினிக் மேஜையில் நாய் நல்ல பிள்ளையாக நின்றுவிடும். மூக்குத் துவாரத்தை அகலப்படுத்துவதும், நீண்டு தொங்குகிற உள்நாக்குச் சதையை வெட்டிக் குறைப்பதும் ஆபரேஷனில் முடியும். சின்ன வயதில் செய்தால் பலன் அதிகம், தள்ளிப்போட்டால் குரல்வளையே தளர்ந்துவிடும். கருத்தடை மாதிரிச் சின்ன ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து விஷயத்தில் இந்த நாய்க்குப் பழக்கப்பட்ட டாக்டரைத் தேடுங்கள். ஆபத்து மயக்கம் கொடுக்கும்போது மட்டுமில்லை, தெளியும்போதும்தான். தொண்டையில் போட்ட குழாயை எப்போது எடுப்பீர்கள், எழுந்து நிற்கும்வரை பக்கத்தில் யார் இருப்பார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்குவோம்" என்று மட்டும் பதில் வந்தால் நாயைக் கூட்டிக்கொண்டு வேறு டாக்டரிடம் போங்கள்.