ராபர்ட் ஸ்மால்ஸ் பற்றிப் பிள்ளையைப் பேசவைப்பது எப்படி?

சிங்கப்பூரில் ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழா நெருங்கினால் பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைப் பழக்குவது என் வழக்கம். கப்பல் ஓட்டி, பிறகு சட்டம் இயற்றப் போன ராபர்ட் ஸ்மால்ஸைத் தலைப்பாக எடுக்கும் பிள்ளைக்கு நான் சொல்லித் தருவது இதுதான்.

பிறந்த ஊரிலிருந்து தொடங்கவிடாதீர்கள். 1862 மே 13, விடியாத நேரம், அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் துறைமுகம். வடக்குக்கும் தெற்குக்கும் உள்நாட்டுப் போர் நடக்கிறது. தெற்குப் படையின் 'பிளான்டர்' நீராவிக் கப்பலின் வெள்ளை அதிகாரிகள் கரையில் தங்கிவிட்டார்கள். அடிமையாயிருந்த 23 வயது ஸ்மால்ஸ் கப்பலைக் கிளப்பி, வழியில் மனைவி மக்களை ஏற்றிக்கொள்கிறார். தலையில் கேப்டனின் வைக்கோல் தொப்பி. தெற்குப் படை காவல் காக்கும் சம்டர் கோட்டையைக் கடக்கையில் முறைப்படி விசில் ஊதுகிறார். பீரங்கி எட்டாத தூரம் போனதும் வெள்ளைத் துணியைக் கொடியாக ஏற்றி, வடக்குப் படையிடம் கப்பலை ஒப்படைக்கிறார்.

இங்கே பிள்ளைகள் 'வீரம்! வீரம்!' என்று குரலை உயர்த்துவார்கள். தடுத்துவிடுங்கள். அவரைக் காப்பாற்றியது தொழிலறிவு. நீரோட்டமும் சமிக்ஞையும் அவருக்கு அத்துப்படி. என் அப்பா சிங்கப்பூர் ஆற்றில் சரக்குப் படகுக்குச் சுக்கானி. நீர் ஏறிக் கிடந்தால் கவெனா பாலத்தடியில் படகு நுழையாது, வடியும்வரை காத்திருப்பார். 1983இல் படகுகளைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றும்வரை அந்த ஆறுதான் அவருக்குப் பள்ளிக்கூடம். உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு தாத்தா இருந்தால் பிள்ளையை அவரிடம் அனுப்புங்கள். ஒரு மணி நேரம் கேட்டுவிட்டு வந்தால் பேச்சே மாறிவிடும்.

அடுத்த சிக்கல், மாநில அரசியல். நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தது ஒரே நாடாளுமன்றம். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தையும் டில்லியையும் காட்டி விளக்குங்கள். ஸ்மால்ஸ் 1868இல் தென் கரோலினாச் சட்டமன்றத்தின் கீழவைக்கும், 1870இல் மேலவைக்கும், 1875இல் வாஷிங்டனில் உள்ள நாட்டின் நாடாளுமன்றத்துக்கும் போனார். பதவிகளை ஒரே மூச்சில் சொல்லிக் கடந்துவிடலாம்.

நிறுத்த வேண்டிய இடம் வேறு. 1868இல் மாநில அரசமைப்பை எழுதக் கூடிய மாநாட்டில், எல்லாப் பிள்ளைகளுக்கும் இலவசப் பள்ளி வேண்டும் என்று அவர் வாதாடினார். வளர்ந்த பிறகே எழுதப் படிக்கக் கற்றவர் அவர். இந்த இரண்டு வாக்கியத்தையும் அடுத்தடுத்து, மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும் இடம் இது.

முடிவுரை எழுதித் தராதீர்கள். பியூஃபோர்ட் என்ற ஊரில் எந்த எஜமானர் வீட்டின் பின்னால் அடிமையாகப் பிறந்தாரோ, அந்த வீட்டையே அவர் விலைக்கு வாங்கினார். அதைச் சொல்லி, வணக்கம் வைத்து, பிள்ளை மேடையை விட்டு இறங்கட்டும்.