லேப்டாப்பில் நெட்வொர்க் பூட் நின்றுபோனால்: இமேஜ் போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஓசூரில் ஒரு நிறுவனத்தின் அறுபது லேப்டாப்களுக்கு இமேஜ் போடும் வேலைக்கு, அதாவது லேப்டாப்பை நெட்வொர்க் வழியாகவே தொடக்கி (நெட்வொர்க் பூட்), சர்வரில் தயாராக வைத்திருக்கும் விண்டோஸ் நகலை அதன் டிஸ்க்கில் எழுதும் வேலைக்கு, தருமபுரியில் எங்கள் பணிமனையில் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு தம்பிகளை அனுப்பியிருந்தேன். மதியத்துக்கு மேல் நானும் போய்ச் சேர்ந்தபோது, ஒருவர் சர்வரை மூன்றாவது முறையாக நிறுவிக்கொண்டிருந்தார். மற்றவர் ஒரே ஒரு யு.எஸ்.பி. லேன் டாங்கிளை (லேன் கேபிளைச் செருக உதவும் சிறு அடாப்டர்) கையில் வைத்துக்கொண்டு, லேப்டாப் லேப்டாப்பாக மாற்றிச் செருகிக்கொண்டிருந்தார். முதல் தவறால் ஒரு நாள் வீணாகும். இரண்டாவது தவறு எதையெல்லாம் அழிக்கும் என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் அதை நான் செய்திருக்கிறேன். கேபிள் தளர்வாக இருப்பது, பூட் மெனுவில் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுக்க மறப்பது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை ஐந்து நிமிடத்தில் தாமாகவே தெரிந்துவிடும்.

திரையில் உள்ள எண்ணைப் படிக்காமல் சர்வரில் கை வைப்பது

“அண்ணா, ஐ.பி. வருது, ஆனா பூட் ஆகல” என்று தம்பி சொன்னபோதே பாதி விடை அதில் இருந்தது. லேப்டாப் முதலில், நெட்வொர்க்கில் ஐ.பி. முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. சேவையிடம் முகவரி கேட்கிறது; எந்தச் சர்வரில் எந்தக் கோப்பை எடுக்க வேண்டும் என்ற தகவலும் அதற்குக் கிடைக்க வேண்டும்; அதன் பிறகுதான் அது டி.எஃப்.டி.பி. என்ற எளிய கோப்புப் பரிமாற்ற முறை வழியாக, யு.டி.பி. 69ஆம் போர்ட்டில், அந்தக் கோப்பைக் கேட்கிறது. சங்கிலி எந்த இடத்தில் அறுந்தது என்பதைத் திரையில் தோன்றும் பிழை எண்ணே சொல்லிவிடும். இ61 என்றால் லிங்க்கே இல்லை. இ51 என்றால், யு.இ.எஃப்.ஐ. (லேப்டாப்பை எழுப்பும் மென்பொருளான பயாஸின் புதிய வகை) லேப்டாப்களில் இ16 என்றால், முகவரி தர யாரும் பதில் சொல்லவில்லை. இ53 என்றால் முகவரி வந்துவிட்டது, கோப்பின் பெயர்தான் வரவில்லை. இ32 என்றால் பெயர் தெரிந்தும் டி.எஃப்.டி.பி. பதில் தரவில்லை, அந்தச் சேவை நின்றிருக்கிறதா, சர்வரின் ஃபயர்வால் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஓசூரில் திரையில் நின்றது இ53. நிறுவனத்தின் ரவுட்டர் முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு, சர்வரையும் கோப்பின் பெயரையும் சொல்லும் 66, 67 ஆகிய இரண்டு டி.எச்.சி.பி. ஆப்ஷன்களைக் காலியாக விட்டிருந்தது. அவற்றை நிரப்பினால், அல்லது நம் சர்வரில், அந்தத் தகவலை மட்டும் தரும் பிராக்ஸி டி.எச்.சி.பி.யை இயக்கினால் முடிந்துபோகும் வேலைக்காக, எந்தப் பிழையும் இல்லாத சர்வரை மூன்று முறை அழித்து நிறுவியிருந்தார்கள்.

யாரோ செருகிவிட்ட வைஃபை ரவுட்டர்

வைஃபை ரவுட்டரும் முகவரி கொடுக்கும். அப்படி ஒரே நெட்வொர்க்கில் இரண்டாவது டி.எச்.சி.பி. இருந்தால் சில லேப்டாப் பூட் ஆகும், சில ஆகாது. முதலில் அதைத் தேடிக் கழற்றுங்கள்.

ஒரே டாங்கிளை எல்லா லேப்டாப்பிலும் மாற்றிச் செருகுவது

பல மெல்லிய லேப்டாப்களில் இப்போது லேன் போர்ட் கிடையாது. ஆகவே டாங்கிள் இல்லாமல் வேலை நடக்காது என்பது உண்மைதான். ஆனால் இமேஜ் சர்வர் லேப்டாப்பைப் பெரும்பாலும் அதன் மேக் முகவரியை (லேன் கருவியில் பதிந்திருக்கும் தனி அடையாள எண்) கொண்டே அடையாளம் காண்கிறது என்பதையும், அந்த மேக் முகவரி டாங்கிளுக்குச் சொந்தமானது, லேப்டாப்புக்குச் சொந்தமானதில்லை என்பதையும் மறந்துவிட்டால், சர்வரின் கண்ணுக்கு அறுபது லேப்டாப்பும் ஒரே லேப்டாப்பாகத்தான் தெரியும்.

சில ஆண்டுகளுக்கு முன் கிருஷ்ணகிரி பக்கம் ஒரு கல்லூரியில், ஆய்வகத்துக்கு வாங்கிய நாற்பது லேப்டாப்களுக்கு ஃபாக் என்ற இமேஜ் மென்பொருள் உள்ள சர்வர் மூலம் இமேஜ் போட்டுக்கொண்டிருந்தேன். கையில் ஒரு டாங்கிள்தான். முதல் லேப்டாப்பை ‘லேப்-01’ என்ற பெயரில் பதிவு செய்தேன். இரண்டாவதில் செருகியதும், இந்தக் கணினி ‘லேப்-01’ என ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று மெனுவின் தலைப்பிலேயே வரி வந்தது. அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். நானோ, பதிவு செய்யும் வேலை மிச்சம் என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் ‘லேப்-01’ பெயரிலேயே இமேஜ் எழுதும் பணியைக் கொடுத்து, டாங்கிளை அடுத்த லேப்டாப்புக்கு மாற்றிக்கொண்டே போனேன். பதினேழு லேப்டாப்கள் ஒரு தடையும் இல்லாமல் முடிந்தன. வேலை ஓடுகிறது என்பதையே அது சரியான வழி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டேன்.

பதினெட்டாவதற்குப் பணியைக் கொடுத்துவிட்டு எழுந்தபோது, அந்தத் துறையின் பேராசிரியர் ஒருவர் தம் லேப்டாப்பைக் கொண்டுவந்து, நெட்வொர்க் கிடைக்கவில்லை, கொஞ்சம் பாருங்கள் என்றார். கோளாறு விண்டோஸிலா, சுவரில் உள்ள லேன் பாயின்ட்டிலா என்று அறிய, டாங்கிளைச் செருகி, நெட்வொர்க் பூட் கொடுத்தேன்; மெனு தெரிந்தால் லைன் சரி, பிறகு வெளியே வந்துவிடலாம் என்பது என் கணக்கு. அந்த லேப்டாப்பில், கையொப்பமில்லாத பூட் கோப்புகளைத் தடுக்கும் செக்யூர் பூட் ஏற்கெனவே அணைந்திருந்ததால் தடுக்கவும் எதுவும் இல்லை. மெனு வரவே இல்லை. பணி காத்திருக்கும் கணினி என்று தெரிந்தால் ஃபாக் யாரையும் கேட்காது, நேராகப் பணியைத் தொடங்கிவிடும். இப்போதுள்ள எம்.பி.ஆர்., ஜி.பி.டி. அட்டவணைகள் (டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற குறிப்பு) அழிக்கப்படுகின்றன என்ற ஆங்கில வரி தோன்றி, புள்ளிகள் நீண்டு, முடிந்தது என்ற சொல்லும் வந்து நின்றது. நான் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தபோது, இமேஜை எழுதும் பார்ட்க்ளோன் நிரலின் நீல நிறத் திரையில் எழுதும் அளவு நகரத் தொடங்கியிருந்தது. பார்ட்டிஷன் அட்டவணை மட்டும் போயிருந்தால் மீட்டிருக்கலாம். புதிய தரவு எழுதப்பட்ட இடத்தில் முன்பு இருந்தது திரும்பாது. அவருடைய ஆய்வேட்டின் அளவீடுகளில் ஒரு பகுதி அந்த இடத்தில் இருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, எவ்வளவு கிடைக்கும் என்று மட்டும் கேட்டார்.

அதனால்தான் ஒரே டாங்கிள் கை மாறுவதைப் பார்த்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. தவிர்ப்பதற்குப் பெரிய செலவும் ஆகாது. டாங்கிளை வைத்துக் கணினியைப் பதிவு செய்யவே வேண்டாம். பதிவு செய்யாத கணினிக்கும் ஃபாக் மெனுவிலிருந்தே, கடவுச்சொல் கொடுத்து, இமேஜைத் தேர்ந்தெடுத்து இறக்கலாம். அப்போது ஒவ்வொரு முறையும் உங்கள் கைதான் தொடங்கி வைக்கும். பதிவு கட்டாயம் தேவைப்பட்டால், வேலை முடிந்ததும் டாங்கிளின் மேக் முகவரியை அந்தப் பதிவிலிருந்து நீக்குங்கள். பல நிறுவனங்களின் அலுவலக லேப்டாப்களில், டாங்கிளின் முகவரிக்குப் பதிலாக லேப்டாப்புக்கே உரிய முகவரியைக் காட்டும் மேக் பாஸ்த்ரூ வசதி பயாஸில் உண்டு. ஆனால் அது எல்லா டாங்கிளோடும் இயங்காது, தயாரிப்பாளர் சொல்லும் டாங்கிளோ டாக்கோ (பல போர்ட்கள் கொண்ட இணைப்புப் பெட்டி) வேண்டும். டாங்கிளைக் கழற்றும் முன் சர்வரில் காத்திருக்கும் பணி ஏதேனும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். டாங்கிளின் மேல் அதன் மேக் முகவரியின் கடைசி நான்கு எழுத்துகளை எழுதி ஒட்டி வைப்பது எங்கள் பணிமனையில் இப்போது விதி.

மைக்ரோசாஃப்ட்டின் கணினி மேலாண்மை மென்பொருளான கான்ஃபிகரேஷன் மேனேஜரில் இதே தவறு பூட் தோல்வியாக வெளிப்படும். புதிய கணினிகளுக்கென்று வைத்த பணி முதல் லேப்டாப்புக்குக் கிடைக்கும். இரண்டாவதோ தெரிந்த கணினி எனக் கருதப்பட்டு, பணி எதுவும் இல்லை என்று திருப்பி அனுப்பப்படும். டாங்கிளின் முகவரியை அடையாளக் கணக்கிலிருந்து விலக்கும் பட்டியல் அதன் அமைப்புகளிலேயே இருக்கிறது.

விண்டோஸில் ஓடும் டாங்கிள் பூட்டுக்கும் ஓடும் என்று நம்புவது

அப்படி நம்ப முடியாது, அதன் சிப்புக்கான டிரைவர் லேப்டாப்பின் ஃபர்ம்வேரில், அதாவது பயாஸிலோ யு.இ.எஃப்.ஐ.யிலோ, இருக்க வேண்டும்.

பழைய பூட் கோப்பையே எல்லாவற்றுக்கும் கொடுப்பது

67ஆம் ஆப்ஷனில் பழைய பயாஸுக்கான கோப்பின் பெயரை எழுதிவிட்டால், யு.இ.எஃப்.ஐ. லேப்டாப் அதை இறக்கிக்கொண்டு, இயக்க முடியாமல் அடுத்த பூட் சாதனத்துக்குப் போய்விடும். லேப்டாப் முகவரி கேட்கும்போதே 93ஆம் ஆப்ஷனில் தன் வகையைச் சொல்கிறது: பழைய பயாஸ் என்றால் 0, 64 பிட் யு.இ.எஃப்.ஐ. என்றால் பெரும்பாலும் 7. அதைப் பார்த்துக் கோப்பைப் பிரித்துக் கொடுக்கும்படி டி.எச்.சி.பி.யை அமைக்க வேண்டும்.

சுவிட்ச் எடுத்துக்கொள்ளும் 30 வினாடிகளை மறப்பது

அமைப்புகளை மாற்றக்கூடிய மேனேஜ்டு சுவிட்சில், நெட்வொர்க்கில் தரவு சுற்றிச் சுழல்வதைத் தடுக்கும் ஸ்பானிங் ட்ரீ இயங்கினால், பழைய முறைப்படி, லிங்க் எழுந்த பிறகும் போர்ட் 15 வினாடி கேட்கும், 15 வினாடி கற்கும், அதற்குப் பிறகே தரவை விடும். ஃபர்ம்வேரிலிருந்து, முதலில் இறங்கும் பூட் நிரலான ஐபிஎக்ஸ்இ-க்கும், அதிலிருந்து லினக்ஸுக்கும் மாறும்போது லிங்க் அறுந்து எழுந்தால், ஒவ்வொரு முறையும் அதே 30 வினாடி. முதல் கோப்பு இறங்கியும் அடுத்த கட்டத்தில் முகவரி கிடைக்காமல் நிற்பதற்குப் பலமுறை இதுதான் காரணம். லேப்டாப்புக்கும் அந்தப் போர்ட்டுக்கும் இடையில் ஒரு சாதாரண ஐந்து போர்ட் சுவிட்சை வைத்துப் பாருங்கள். பூட் ஆகிவிட்டால், அந்தப் போர்ட்டில் இந்தக் காத்திருப்பைத் தவிர்க்கும் போர்ட்ஃபாஸ்ட்டை இயக்கச் சொல்லி நெட்வொர்க் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

பிட்லாக்கர் மீட்பு எண்ணை எடுக்காமல் செக்யூர் பூட்டை அணைப்பது

டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர், செக்யூர் பூட் மாறினால் மீட்பு எண்ணைக் கேட்கலாம். பயன்பாட்டில் உள்ள லேப்டாப் என்றால், மீட்பு எண் கையில் வரும்வரை பயாஸுக்குள் போகாதீர்கள்.

பூட் ஆகியும் டிஸ்க் தெரியாததை நெட்வொர்க் கோளாறு என்று எண்ணுவது

பயாஸில் இன்டெல் வி.எம்.டி. அல்லது ரெய்டு என்ற டிஸ்க் முறையில் வைத்திருக்கும் என்.வி.எம்.இ. டிஸ்க் (வேகமான எஸ்.எஸ்.டி.), ஃபாக் போன்ற லினக்ஸ் சூழலில் பல நேரம் தென்படாது. ஏ.எச்.சி.ஐ. முறைக்கு மாற்றினால் தெரியும், ஆனால் ஏற்கெனவே உள்ள விண்டோஸ் அதன் பிறகு எழாமல் போகலாம் என்பதால், வெற்று லேப்டாப்பில் மட்டுமே உடனே மாற்றலாம்.

சுவிட்சை யு.பி.எஸ்.ஸில் சேர்க்காமல் விடுவது

லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது, சர்வருக்கு யு.பி.எஸ். இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பார்கள்; நடுவில் இருக்கும் சுவிட்ச் சுவர் பிளக்கில் இருக்கும். கோடையில் பாலக்கோட்டில் ஒரு பள்ளியில், இருபது லேப்டாப்கள் பாதி எழுதிய நிலையில் கரண்ட் போய், எல்லாத் திரைகளும் அப்படியே உறைந்து நின்றன. அன்றிலிருந்து எங்கள் பையில் சுவிட்சோடு சேர்த்து ஒரு சிறிய யு.பி.எஸ்.ஸும் போகிறது.