வீல் ஸ்டட் மாற்றும்போது பேரிங்கைக் கெடுக்கும் தவறுகள்

சக்கரத்தை நட் போட்டுப் பிடிக்கும் திருகாணியான வீல் ஸ்டட் முறிந்துவிட்டால், அல்லது மரை போய் நட் சும்மா சுற்றினால், பெரும்பாலும் கை முதலில் போவது சுத்தியலுக்குத்தான். ஸ்டட்டின் முனையில் ஓங்கி நாலு அடி போட்டால் பின்பக்கமாக விழுந்துவிடும். வண்டியும் அன்றைக்கு நன்றாகவே ஓடும். சில வாரம் கழித்து அதே சக்கரத்திலிருந்து ஓர் இரைச்சல் கிளம்பி, வேகம் கூடக் கூட ஏறும்போது, அந்த நாலு அடி யாருக்கும் நினைவுக்கு வராது. டயர் சத்தம் என்று நம்பி நல்ல டயரை மாற்றியவர்களும் உண்டு.

ஸ்டட்டின் தலைக்குக் கீழே நெடுக்குவாட்டில் வரிப்பற்கள் இருக்கும். அவை ஹப்பின், அதாவது சக்கரம் மாட்டும் சுழலும் நடுப்பகுதியின், துளையைக் கவ்விப் பிடித்திருக்கும். அந்தப் பிடியை அடித்து விடுவிக்கப் பார்த்தால், அடி ஸ்டட்டோடு நிற்காது. ஹப், பேரிங்கின் உள் ரேஸ், குண்டுகள், வெளி ரேஸ் (ரேஸ் என்பது குண்டுகள் உருளும் வளையம்) என்று கடந்து, பேரிங்கைத் தாங்கும் நக்கிள் வரை போகும். குண்டு ரேஸைத் தொடும் இடமோ மிகச் சிறியது. ஸ்டட் ஓரத்தில் இருப்பதால் அடியின் பளுவும் ஒரு பக்கத்துக் குண்டுகள் மேலேயே அதிகமாக விழும்.

பட்டறை ஒன்றில் இப்படி அடித்து ஸ்டட் மாற்றிய என் வண்டியின் ஹப்பைப் பிறகு பிரித்துப் பார்த்தேன். கிரீஸைத் துடைத்ததும், கண்ணாடி போல மின்ன வேண்டிய ரேஸில், குண்டுகள் நிற்கும் அதே இடைவெளியில் மங்கலான புள்ளிகள் தெரிந்தன. நகத்தால் வருடினால் ஒவ்வொரு புள்ளியிலும் லேசாக இடறியது. அவ்வளவு சின்னப் பள்ளம் போதும், பேரிங் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். எத்தனையோ வண்டிகள் சுத்தியலுக்குத் தப்பியிருக்கலாம். ஆனாலும் அதை வேலை செய்யும் முறை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

ஸ்டட்டை அழுத்தித்தான் வெளியே தள்ள வேண்டும். பால் ஜாயின்ட் கழற்றப் பயன்படும் 'சி' வடிவ பிரஸ் இதற்குப் போதும். அதன் திருகு ஸ்டட்டின் முனையை அழுத்த வேண்டும். மறுபக்கத்தில், ஸ்டட் தலை உள்ளே நுழையும் அளவுக்கு அகலமான குழாய்த் துண்டு, தலையைச் சுற்றி ஹப்பின் பின்முகத்தில் உட்கார வேண்டும். விசை முழுவதும் பிரஸ்ஸின் இரண்டு முனைகளுக்குள்ளேயே முடிந்துவிடுவதால் பேரிங்குக்குப் போவதே இல்லை. அதற்கு முன் ஹப்பைச் சுழற்றி, பின்னால் நக்கிளில் இடைவெளி எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பிரேக் காலிப்பரைக் கழற்றினால் கம்பியில் கட்டித் தொங்கவிடுங்கள். பிரேக் ஹோஸில் தொங்கக் கூடாது.

சில வண்டிகளில் ஸ்டட் வெளியே வர இடமே இருக்காது, ஹப்பைக் கழற்றியாக வேண்டும். அவசரப்படக் கூடாத இடம் இது. போல்ட் போட்டு மாட்டிய ஹப் யூனிட் என்றால் சேதமில்லாமல் வந்துவிடும். பேரிங் நக்கிளுக்குள் அழுத்தி ஏற்றப்பட்ட வகை என்றால், ஹப்பை இழுக்கும்போது உள் ரேஸ் பெரும்பாலும் அதோடு சேர்ந்து வந்துவிடும். புது பேரிங்குக்கும் தயாராக இருங்கள். அச்சின் முனையில் இருக்கும் ஆக்ஸில் நட் தளர்ந்திருக்கும்போது வண்டியைத் தரையில் இறக்கி உருட்டவே கூடாது. பல வண்டிகளில் பேரிங்கைச் சரியான இறுக்கத்தில் பிடித்து வைத்திருப்பதே அந்த நட்தான்.

இறுகிப்போன ஸ்டட்டை கேஸ் வெல்டிங் தீயில் சூடாக்கினால் சீலும் கிரீஸும் போகும், பக்கத்தில் சக்கர வேகத்தை அளக்கும் ஏ.பி.எஸ் சென்சார் இருந்தால் அதுவும் போகலாம். உருண்டுபோன நட்டை எடுக்க வெல்டிங் வைத்தே ஆக வேண்டும் என்றால், எர்த் கிளாம்ப்பை அதே ஹப்பில் மாட்டுங்கள். சேஸிஸில் மாட்டினால் மின்சாரம் குண்டுகள் வழியாகப் பாய்ந்து ரேஸைப் பொத்தல் போடும்.

புது ஸ்டட் வாங்கும்போது மரையை மட்டும் பார்த்தால் போதாது. 12 மி.மீ. ஸ்டட்டிலேயே 1.25, 1.5 என்று இரண்டு மரை இடைவெளிகள் புழக்கத்தில் உண்டு. அதோடு வரிப்பற்களின் விட்டமும் பொருந்த வேண்டும். சிறியதாக இருந்தால் நட்டை முறுக்கும்போது ஸ்டட்டும் கூடவே சுற்றும். பெரியதாக இருந்தால் உள்ளே போகாது, மறுபடி சுத்தியலைத் தேட வைக்கும்.

உள்ளே இழுக்க வாஷர்களை அடுக்கி, அவற்றுக்கு இடையே கொஞ்சம் கிரீஸ் தடவி, முனை திறந்த பழைய நட் ஒன்றைத் தட்டையான முகம் வாஷரைத் தொடும்படி திருப்பிப் போட்டு, கைரெஞ்சால் இறுக்குங்கள். கிரீஸ் அங்கே மட்டும்தான். சக்கரம் மாட்டும்போது மரையில் இருக்கக் கூடாது. இம்பாக்ட் கன் வேண்டாம், புது மரையே நீண்டுவிடும். ஸ்டட்டின் தலை ஹப்பின் பின்முகத்தில் இடைவெளியின்றி உட்கார்ந்ததா என்று பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். அரைகுறையாக நின்றால் ஓட்டத்தில் உள்ளே இறங்கி, நட் தளர்ந்துவிடும். இறுக்கம் வண்டியின் கையேட்டில் சொன்னபடி டார்க் ரெஞ்சில். 50 முதல் 100 கி.மீ. ஓடியபின் மறுபடி சரிபாருங்கள்.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு சோதனை செய்துகொள்ளுங்கள். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, ஒரு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் வைத்து, மறு கையால் சக்கரத்தைச் சுற்றுங்கள். பேரிங்கில் சொரசொரப்பு இருந்தால் ஸ்பிரிங் வழியாக விரலுக்குத் தெரியும். வேலை முடிந்ததும் அதே சக்கரத்தை அதே மாதிரி சுற்றிப் பாருங்கள்.